மாறு என்கிறீர்கள், எத்தனை நாள் தருவீர்கள்?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு எக்செல் தாளில் '2' என்று ஒரு எண்ணைப் போட்டேன். ஐந்துக்கு இரண்டு. அந்த நெடுவரிசையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மாற்றத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் திறன்'. பக்கத்து நெடுவரிசை 'அனுபவம்'. அதை நான் நிரப்ப வேண்டியிருக்கவில்லை, ஹெச்.ஆர். ஏற்கெனவே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம்.

ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு ஐடி நிறுவனம். நான் டீம் லீட். என் குழுவில் பதினான்கு பேர். தாள் வந்தது மதியம் மூன்றரைக்கு, நாலு மணிக்கு ஒரு மீட்டிங். அந்த அரை மணி நேரத்தில் பதினான்கு பேரையும் முடித்தேன். இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துப் படிப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை, தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. இந்தப் பக்கம் பெரிய எண், அந்தப் பக்கம் சின்ன எண். அவ்வளவுதான் கணக்கு. இரண்டு மாதத்தில் அவருடைய மேசை காலியானது.

ஏன் இரண்டு போட்டேன்? அந்தக் காலாண்டில் ஒரு புதிய மென்பொருள் வந்தது. அதற்கு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஆன்லைனில் பயிற்சி. முடிவில் எல்லாரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். அண்ணா மட்டும் (குழுவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மைக்கை ஆன் செய்து மூன்று கேள்விகள் கேட்டார். "இது நடுராத்திரி படுத்துக்கிச்சுன்னா யாருக்குப்பா போன் வரும்?" "பழைய டேட்டாவை எத்தனை நாள் பக்கத்துல வெச்சிருக்கப் போறோம்?" "இதை நான் கத்துக்கிற வரைக்கும் இப்ப நான் பார்க்கிற வேலையை யார் பார்ப்பா?"

மூன்றுக்கும் பதில் வரவில்லை. நான் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: மாற்றத்தை எதிர்க்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான்.

*

'அனுபவமா, மாறும் திறனா?' என்ற பட்டிமன்றத்தை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். லிங்க்ட்இன்னைத் திறந்தால் தினமும் ஒருவர் நடுவராக உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பும் தெரிந்ததுதான்: காலம் வேகமாக மாறுகிறது, நேற்றைய அறிவு இன்று செல்லாது, மாறத் தெரிந்தவனே பிழைப்பான். பின்னாலேயே டார்வின் படம் வரும். வலிமையானதோ புத்திசாலியானதோ பிழைக்காது, மாற்றத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதே பிழைக்கும் என்று டார்வின் சொன்னதாக ஒரு வாசகம் வரும்.

டார்வின் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய எந்த நூலிலும் அந்த வாசகம் கிடையாது. 1963இல் லியான் மெகின்சன் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர், டார்வினைத் தான் புரிந்துகொண்ட விதத்தில் சொன்னது அது. காலப்போக்கில் பேராசிரியர் பெயர் உதிர்ந்துபோய் டார்வின் பெயர் ஒட்டிக்கொண்டது. இது வெறும் மேற்கோள் தகராறு இல்லை. இயற்கைத் தேர்வில் எந்தத் தனி உயிரும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. பொருந்தாதது சந்ததி விடாமல் சாகிறது, பொருந்தியது பெருகுகிறது. மாறுவது இனம், விலை கொடுப்பது தனி உயிர். ஆக பயிற்சி வகுப்பில் டார்வினைக் காட்டி நம்மை ஊக்கப்படுத்துகிறவர், உண்மையில் என்ன சொல்கிறார் என்று யோசியுங்கள். நிறுவனம் மாறும், நீ சாவாய். ஒருவகையில் நேர்மையான பேச்சுதான்.

என் வாதம் இதுதான். அனுபவமும் மாறும் திறனும் எதிரெதிர் அணிகள் அல்ல. மாறும் திறன் என்பது ஒருவருடைய ரத்தத்தில் ஓடும் குணமும் அல்ல. நேரம் கொடுத்து, சம்பளம் கொடுத்து, சொல்லிக்கொடுக்க ஆளும் வைத்தால் பெரும்பாலானவர்கள் மாறிவிடுவார்கள். அதைக் கொடுக்காதவர்கள்தான் அதற்குக் குணத்தின் பெயரைச் சூட்டுகிறார்கள். அப்படிச் சூட்டிவிட்டால் செலவு மிச்சம், பழி உங்கள் மேல்.

*

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். கேஸ் என்று சொல்லப்படும் மரத்தட்டின் சின்னச் சின்ன அறைகளில் ஈய எழுத்துகள் கிடக்கும். இடது கையில் ஸ்டிக். வலது கை அறைக்கு அறை தாவி எழுத்தைப் பொறுக்கி அடுக்கும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும், அதை அப்படியே படிக்க வேண்டும். அச்சடித்து முடிந்ததும் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் மறுபடி போட வேண்டும். "கண்ணு காப்பியில, கை கேஸுல. கைக்குக் கண்ணே வேண்டாம்டா" என்பார்.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935லிருந்தே 'குடிஅரசு' இதழில் கையாண்டுவந்த வடிவங்கள் அரசு வடிவங்களாயின. பதின்மூன்று எழுத்துகளின் பழைய உரு போனது. துதிக்கை வைத்த லை, ளை, ணை, னை போய் எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் குறி வந்தது. நமக்கு இது பாடப்புத்தகத் தகவல். பதின்மூன்று வருடமாகத் துதிக்கை 'லை'க்கு ஒரே அறைக்குப் போய்ப் பழகிய கைக்கு அது வேறு விஷயம். இனி இரண்டு அறைக்குப் போக வேண்டும். பெரியப்பா எத்தனை நாளில் மாறினார்? "ஒரு மாசம் கை தடுமாறிச்சு. முதலாளி ஒண்ணும் சொல்லலை. பழைய எழுத்து தேயற வரைக்கும் ரெண்டும் கலந்துதான் வந்துச்சு." ஒரு மாதம். மாதச் சம்பளத்தோடு. யாரும் அவரை மாறத் தெரியாதவர் என்று சொல்லவில்லை.

பதினைந்து வருடம் கழித்து கம்ப்யூட்டர் வந்தது. டி.டி.பி., பேஜ்மேக்கர். அப்போது பெரியப்பாவுக்கு நாற்பத்துமூன்று வயது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்த ஒரு அக்காவை வேலைக்கு வைத்தார். பத்தே நாளில் அந்த அக்கா கல்யாணப் பத்திரிகை அடித்துத் தள்ளினார். பெரியப்பா கேட்டார், "எனக்கும் கத்துக்கொடுங்க." முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம், "இந்த வயசுல உமக்கெதுக்குய்யா அதெல்லாம்?" அவரை பைண்டிங்குக்கும் புரூஃப் பார்க்கவும் மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது.

ஊர் என்ன சொன்னது? அந்தப் பொண்ணு சூட்டிகை, இவர் பழைய ஆள். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன்.

ரொம்ப வருடம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பலவும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பிலேயே இயங்கின. அந்த அக்கா இரண்டு வருடம் இன்ஸ்டிடியூட்டில் தினமும் ஒரு மணி நேரம் விரல் வலிக்க அடித்துப் பழகிய அதே விசைகள். பத்து நாளில் அவர் மாறினார் என்று நாங்கள் பார்த்தது மாறும் திறனை அல்ல, அனுபவத்தை. அது எங்கள் கண்ணுக்குத் தெரியாத வேறொரு அறையில், அவர் அப்பா ஃபீஸ் கட்டிச் சேர்த்த அனுபவம். பெரியப்பாவின் அனுபவம் வேறு விசையில் இருந்தது. நடுவே ஒரு பாலம் போட ஆறு மாதம் ஆகியிருக்கும். அந்த ஆறு மாதத்தைத் தர ஆள் இல்லை.

அவர் கையில் இருந்ததெல்லாம் ஈயத்தோடு போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. வரி முடிவில் சொல்லை உடைத்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. வரியை இழுத்து நிரப்பும்போது சொற்களுக்கு நடுவே ஓட்டை விழக் கூடாது. இதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அக்காவுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. புரூஃபில் பெரியப்பா சுழித்துச் சுழித்துத்தான் அந்தக் கடையின் பக்கங்கள் பக்கங்களாக வந்தன. அந்த வேலைக்குத்தான் குறைந்த சம்பளம்.

*

'இதெல்லாம் தவிர்க்க முடியாதது, தொழில்நுட்பம் வந்தால் அப்படித்தான்' என்று இந்த இடத்தில் ஒரு குரல் வரும். தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம், அதற்கு வாய் இல்லை. ஆனால் இதே மாற்றம், இதே தொழிலாளர்களுக்கு, வேறு இரண்டு ஊர்களில் எப்படி நடந்தது என்று பாருங்கள்.

நியூயார்க். 1962 டிசம்பரில் தொடங்கி 114 நாட்கள் அங்கே செய்தித்தாள் அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தச் சங்கத்தின் பலம் என்னவென்று முதலாளிகளுக்கு அப்போது புரிந்தது. 1974இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நியூயார்க் டைம்ஸும் டெய்லி நியூஸும் கம்ப்யூட்டரைக் கொண்டுவரலாம், சங்கம் தடுக்காது. பதிலுக்கு, வேலையில் இருக்கும் அச்சுக்கோப்பாளர்களுக்கு வாழ்நாள் வேலை உத்தரவாதம். 1978 ஜூலை 2ஆம் தேதி இதழோடு நியூயார்க் டைம்ஸ் ஈயத்தை விட்டது. அந்தக் கடைசி இரவை 'ஃபேர்வெல், எட்டாயின் ஷர்ட்லு' என்ற ஆவணப்படம் பதிவுசெய்திருக்கிறது. லைனோடைப் இயந்திரத்தில் காலத்தைக் கழித்தவர்கள் புதிய கருவிகளுக்கு முன் உட்கார்ந்து வேலை பார்ப்பதை அதில் பார்க்கலாம். வருத்தத்தோடுதான் பார்க்கிறார்கள், ஆனால் பார்க்கிறார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு 'இந்த வயசுல எதுக்கு' என்று சொல்லப்பட்ட அதே வயதுக்காரர்களும் அதைத் தாண்டியவர்களும்.

லண்டன். 1986 ஜனவரி. ரூபர்ட் முர்டாக் வாப்பிங் என்ற இடத்தில் புதிய அச்சகத்தைச் சத்தமில்லாமல் தயார்செய்து வைத்திருந்தார். பேச்சுவார்த்தை முறிந்து தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் சுமார் ஆறாயிரம் பேரை வேலையை விட்டு நீக்கினார். ஒரு வருடத்துக்கு மேல் வாசலில் நின்று போராடினார்கள், தோற்றார்கள். அங்கிருந்த சங்கங்கள் பல ஆண்டுகள் புதிய கருவியை உள்ளே விடாமல் முரண்டு பிடித்தன என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நியூயார்க் தொழிலாளிக்கு மாறும் மரபணு இருந்து லண்டன் தொழிலாளிக்கு இல்லாமல் போய்விட்டதா? தொழில் ஒன்று, வந்த மாற்றமும் ஒன்று. வேறுபட்டது அவகாசத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற ஒன்றுதான்.

நியூயார்க் கதையை நான் சொர்க்கமாக்கவில்லை. அந்தத் தொழில் அங்கேயும் முடிந்துபோனது. புதிதாக யாரும் அதில் சேரவில்லை. ஆனால் தொழில் சாவதும் தொழிலாளியைச் சாகவிடுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முதலாவதைக் காலம் எடுக்கலாம். இரண்டாவதை எப்போதும் யாரோ ஒரு மனிதர், ஒரு தாளில், ஒரு மதிய நேரத்தில்தான் எடுக்கிறார். எனக்குத் தெரியும்.

*

இப்போது நம் ஊர், நம் காலம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களை, விடுவிக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலை ஊழியர்கள். எதிர்காலத்துக்குத் தயாராவது, திறன் பொருந்தாமை என்ற சொற்கள் காரணமாக வந்தன. அந்த நிறுவனத்தின் உள்கணக்கைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்தச் சொற்களை நாடே எவ்வளவு இயல்பாக விழுங்கியது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் வேறு மாதிரி யோசித்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஆட்குறைப்பு செய்தால், அந்த வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் சாதாரணமாக முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுத வேண்டும். அனுபவத்துக்குச் சட்டம் வைத்த வேலி அது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் மேலாளர் வேலை பார்ப்பவர் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டார். பதவி உயர்வு என்று கேக் வெட்டி நம்மை வேலிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தும் வசதி அதிலேயே இருக்கிறது.

புதிய தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்கு மறுதிறன் நிதி. நல்ல பெயர். எவ்வளவு? அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பதினைந்து நாளுக்கானது. அவர் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் அதே பதினைந்து நாள்.

ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்தான். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரியப்பாவுக்குத் துதிக்கை 'லை'யை மறக்கவே ஒரு மாதம் ஆனது. ஒரு வாழ்க்கைத் தொழிலை விட்டு இன்னொன்றைக் கற்க இந்த நாடு ஒரு மனிதருக்கு ஒதுக்கியிருக்கும் காலம் பதினைந்து நாள். அதுவும் வேலையை விட்டு அனுப்பிய பிறகு.

*

அனுபவசாலிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் எங்கள் தலைமுறையைச் சாகடித்திருக்கிறீர்கள், சார். 'நாங்க பார்க்காததா' என்ற ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனை யோசனைகளைக் கொன்றிருப்பீர்கள். இருபது வருட அனுபவம் என்பது சில சமயம் ஒரு வருட அனுபவத்தின் இருபது நகல். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்காமல் பூட்டி வைத்து, அந்தப் பூட்டையே வேலைப் பாதுகாப்பாக நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயதை மரியாதைச் சீட்டாகக் காட்டுகிறவருக்காக நான் இங்கே வாதாடவில்லை. சொல்லிக்கொடுக்காத அனுபவம் வெறும் சொத்து, அதற்குப் பாகப்பிரிவினை வரத்தான் செய்யும்.

ஆனால் அண்ணா அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கோபாலில் தொடங்கியவர். ஒய்2கே காலத்தில் சென்னையின் ஐடி நிறுவனங்கள் வெளிநாட்டு வேலைகளை அள்ளியதற்கு அந்தப் பழைய மொழி தெரிந்த கைகளும் ஒரு காரணம். பிறகு ஜாவாவுக்கு மாறினார், பிறகு வெப், பிறகு கிளவுட். நான்கு தொழில்நுட்பம். நான்கையும் ராத்திரி கண்விழித்து, சொந்தக் காசில் புத்தகம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்துக் கற்றவர். அந்தத் தாளில் இருந்த பதினான்கு பேரில் அதிகம் முறை மாறியவர் அவர்தான். அவருக்குத்தான் நான் மாறும் திறனில் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம் என்று பக்கத்தில் எழுதியிருந்ததே, அது அந்த நான்கின் கூட்டுத்தொகை. இரண்டு நெடுவரிசையிலும் இருந்தது ஒரே விஷயம்.

இங்கே ஒரு நல்ல கதை சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் செய்தியாளர்கள் முன் நின்று கோபால் தெரிந்தவர்கள் உதவ வாருங்கள் என்று கேட்டார். கொரோனாவில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்களைப் பல பத்தாண்டு பழைய அமைப்புகள் தாங்காமல் திணறியபோது. அதுபோல, அண்ணா போனதும் எங்கள் சிஸ்டம் இடிந்து விழுந்தது, நிறுவனம் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தது என்று எழுதலாம். படிக்க நன்றாக இருக்கும்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. இரண்டு இளைஞர்கள் அவர் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கொஞ்சம் தடுமாறினார்கள், பழகிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் புகார் சொல்லவில்லை. அவருடைய முதல் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தது. நடுராத்திரி போன் எனக்கு வந்தது.

அதனால்தான் அனுபவத்தின் பயனைக் காட்டி வாதாடுவதை நிறுத்திவிட்டேன். 'எங்களை அனுப்பினால் நீங்கள் நஷ்டப்படுவீர்கள்' என்ற வாதம் நஷ்டம் வராத நாளில் செத்துவிடும். பெரும்பாலும் நஷ்டம் வருவதில்லை, வந்தாலும் இன்னொரு துறையின் கணக்கில் வரும். கேட்க வேண்டியது நியாயத்தை. ஒருவர் இருபத்திரண்டு வருடம் தன் சொந்த இரவுகளைச் செலவழித்து ஒரு நிறுவனத்தை நான்கு யுகம் தாண்ட வைத்திருக்கிறார். ஐந்தாவதுக்கு அவர் அலுவலக நேரத்தில் ஆறு மாதம் கேட்கிறார். அதைக் கொடுக்க முடியாது என்றால், குறைந்தபட்சம் அதை அவருடைய குறை என்று எழுதாதீர்கள்.

*

இதைப் படிக்கும் பலருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இந்தச் சண்டையில் நீங்கள் ஜெயிக்கிற பக்கம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நாங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறோம் என்று நம்பினோம். கவனியுங்கள், எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறக்க முடிகிறது, ஏனென்றால் சமைத்து வைக்க அம்மா இருக்கிறார். அப்பாவுக்கு இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. உங்கள் வேகத்தில் உங்களுடையது எவ்வளவு, வீட்டில் வேறு யாரோ கொடுக்கும் நேரம் எவ்வளவு? அந்த நேரம் ஒருநாள் தீரும். அப்போதும் உங்களுக்கு முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த இன்டர்வியூவில் 'மாற்றத்துக்கு ஏற்ப உங்களை மாற்றிக்கொள்வீர்களா?' என்று கேட்பார்கள். மாறுவேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதற்கு அலுவலக நேரத்தில் எத்தனை நாள் தருவீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள், வேலை கிடைக்காமலும் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அது ஒரு கேள்வியாகிவிடும். நியூயார்க்கில் அது கேள்வியான விதமும் அதுதான், அவர்கள் தனித்தனியாகக் கேட்கவில்லை.

அப்புறம் உங்கள் கைக்கும் ஒருநாள் அந்த எக்செல் தாள் வரும். அரை மணி நேரத்தில் முடிக்காதீர்கள்.

போன மாதம் அண்ணாவுக்குப் போன் செய்தேன். இந்த '2' விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியும்டா, அந்த ஷீட்டை ஹெச்.ஆர். மீட்டிங்ல காட்டினாங்க" என்றார். தாம்பரம் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், பாதிச் சம்பளம். புதிதாக ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறாராம்.

"எப்பண்ணா படிக்கிறீங்க?" என்றேன்.

"வேற எப்ப, ராத்திரிதான்."